வெயிலில் ஓடும் பைக்குக்கு ரெசின் பிரிண்ட் பாகங்கள்: பொருளும் பூச்சும் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

1996-இல் தயாரிப்பு நின்றுபோன யமஹா ஆர்எக்ஸ் 100 போன்ற பழைய பைக்குகளை வைத்திருப்பவர்கள், பக்கவாட்டு மூடியின் சின்னம், மீட்டர் வளையம், சுவிட்சு மூடி போன்ற சிறு பாகங்கள் கடையில் கிடைக்காதபோது, முப்பரிமாணப் பொருள்களை அச்சிடும் ரெசின் பிரிண்டரை நாடுகிறார்கள். அச்சு அழகாக வந்துவிடுகிறது. அதன்பின் அது வெயிலில் நிற்குமா என்ற சந்தேகம் எழுகிறது. என்னிடம் திரும்பத் திரும்ப வந்த கேள்விகளைக் கேட்டவர்களின் சொற்களிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன்.

ரெசினில் பிரிண்ட் எடுத்ததை அப்படியே வண்டியில் மாட்டினால் என்ன ஆகும்?

ரெசின் என்பது ஒளி பட்டு இறுகும் திரவம். வீட்டில் வைத்துக்கொள்ளும் பிரிண்டர்களில் பெரும்பாலானவை 405 நானோமீட்டர் அலைநீள ஒளியால் அதை இறுக்குகின்றன. பிரிண்ட் முடிந்து, கியூரிங்கும் (அச்சிட்ட பாகத்தை மீண்டும் ஒளியில் வைத்து முழுதாக இறுக்குவது) முடிந்த பிறகும் உள்ளே வினைபுரியாத ஒளித்தூண்டிகளும் (ஒளி பட்டதும் இறுகலைத் தொடங்கிவைக்கும் வேதிப்பொருள்கள்) முழுதாக இணையாத மூலக்கூறுகளும் கொஞ்சம் மிஞ்சியிருக்கும். வெயிலில் உள்ள புற ஊதாக் கதிர் அந்த மிச்சத்தைத் தொடர்ந்து வினைபுரியச் செய்கிறது; அதே கதிர் ஏற்கெனவே உருவான பிணைப்புகளையும் அறுக்கிறது. ஒருபுறம் பாகம் மேலும் இறுகிச் சுருங்குகிறது, மறுபுறம் அதன் மேற்பரப்பு சிதைகிறது.

இதைக் கண்ணால் பார்க்கலாம். முதலில் பளபளப்பு மங்கும்; வெளிர் நிறமானால் மஞ்சள் ஏறும். பிறகு விரலால் தேய்த்தால் மெல்லிய வெண்தூள் ஒட்டிக்கொண்டு வரும். பாகத்தை ஒளிக்குச் சாய்த்துப் பிடித்தால், முனைகளிலிருந்தும் திருகுத் துளைகளிலிருந்தும் மயிரிழை விரிசல்கள் கிளம்பியிருப்பது தெரியும். அந்த நிலையில் ஒரு சிறு தட்டு போதும், பாகம் இரண்டாகிவிடும்.

எந்தப் பாகங்களை ரெசினில் செய்யலாம், எவற்றைத் தொடவே கூடாது?

உடைந்தால் அழகு மட்டும் கெடும் பாகங்களைச் செய்யலாம்: சின்னங்கள், மீட்டரைச் சுற்றியுள்ள அலங்கார வளையம், சுவிட்சு மூடி, வயர் செல்லும் வழியை மறைக்கும் மூடி, ஹெட்லைட்டுக்கு மேல் வரும் சிறு வைசர் போன்றவை. உடைந்தால் ஓட்டுபவர் கீழே விழக்கூடிய எதையும் செய்யக் கூடாது. ஃபுட்ரெஸ்ட், பிரேக் லீவர், கிளட்ச் லீவர், ஹேண்டில்பார் கிளாம்பு, சக்கரம் சார்ந்தவை ஆகியவை இதில் அடங்கும். உடைந்து விழுந்தால் சக்கரத்திலோ செயினிலோ சிக்கக்கூடிய மூடிகளையும் இந்தப் பட்டியலில்தான் நான் சேர்ப்பேன். விலை உயர்ந்த ரெசின் வாங்கினாலும் இந்த எல்லை மாறாது.

டப்பாவில் ‘ஏபிஎஸ் லைக்’ என்று இருக்கிறதே, அது ஏபிஎஸ் பிளாஸ்டிக்தானே?

இல்லை. ஏபிஎஸ் சூட்டில் உருகி, ஆறினால் மீண்டும் இறுகும் பிளாஸ்டிக். பல பைக்குகளின் பக்கவாட்டு மூடிகள் அதில் வார்க்கப்பட்டவை. ‘ஏபிஎஸ் லைக்’ என்பது அக்ரிலேட் வகை ஒளி ரெசின். சாதாரண ரெசினைவிடச் சற்று வளைந்து கொடுக்கும், கீழே விழுந்தால் எளிதில் நொறுங்காது என்பதைச் சொல்லவே அந்தப் பெயர். வேதியியலில் இரண்டுக்கும் உறவில்லை. ஒருமுறை இறுகிய ரெசின் மீண்டும் உருகாது. இது திருகு பற்றிய கேள்வியில் முக்கியமாகும்.

உண்மையான ஏபிஎஸ்ஸே பூச்சு இல்லாமல் வெயிலில் நிறம் மாறக்கூடியது என்பதையும் சேர்த்து நினைவில் வைக்க வேண்டும். அதில் உள்ள பியூட்டாடையீன் ரப்பரைப் புற ஊதாக் கதிர் தாக்குவதே அதற்குக் காரணம்.

எச்டிடி 60 டிகிரி என்று போட்டிருக்கிறது. நம் ஊர் வெயில் 42 டிகிரிதானே, போதாதா?

இந்தப் பக்கத்தில் எல்லோரும் நிதானமாகப் படிக்க வேண்டும் என்று நான் விரும்பும் பதில் இதுதான். எச்டிடி என்பது, ஒரு சிறு பட்டையின் மீது குறிப்பிட்ட சுமையை வைத்துச் சூடேற்றும்போது, அது 0.25 மி.மீ. வளையும் வெப்பநிலை. அந்த அளவைத் தொடும்வரை பாகம் கெட்டியாக இருந்து திடீரென்று வளைவதில்லை. அதற்குப் பல டிகிரி முன்பே இளகத் தொடங்கிவிடும். சோதனைச் சுமை 0.45 மெகாபாஸ்கலா 1.8 மெகாபாஸ்கலா என்பதையும் பார்க்க வேண்டும். விளம்பரத்தில் பெரும்பாலும் பெரிய எண்ணைத் தரும் முதலாவதுதான் இருக்கும்.

அடுத்து, வானிலை அறிக்கையில் வரும் 42 டிகிரி நிழலில் உள்ள காற்றின் வெப்பம். சித்திரை வெயிலில் நிறுத்திவைத்த பைக்கின் கறுப்பு நிறப் பரப்பு 70 டிகிரியை எட்டக்கூடும். ஃபார்ம்லேப்ஸ் நிறுவனத்தின் டஃப் 2000 ரெசினின் முதல் பதிப்புக்கு, சிறிய சுமையில் எச்டிடி 63 டிகிரி. உறுதிக்குப் பெயர்பெற்ற அந்த ரெசினே சென்னை வெயிலில் கறுப்பு நிறம் பூசி நின்றால் தன் எல்லையைத் தாண்டிவிடும்.

பூச்சு வெயிலின் ஒளியைத் தடுக்கும். அதன் சூட்டைத் தடுக்காது. ஆகையால் ரெசினை வெப்பத்தையும் அதிர்வையும் கணக்கில் கொண்டு தேர்ந்தெடுங்கள். புற ஊதாக் கதிரை எதிர்க்கும் வேலையைப் பூச்சிடம் ஒப்படையுங்கள். வெயிலைத் தாங்கும் ரெசினைத் தேடி அலைபவர்கள் பலரும் தவறவிடுவது இந்தப் பிரிவினையைத்தான்.

அப்படியானால் எச்டிடி 200-க்கு மேல் உள்ள ரெசினை வாங்கிவிட்டால் பிரச்சினை தீர்ந்ததா?

தீராது. அதே நிறுவனத்தின் ஹை டெம்ப் ரெசின், சூடாக்கிப் பதப்படுத்தியபின் 238 டிகிரி எச்டிடி தருகிறது. ஆனால் உடையும்முன் அது நீளக்கூடியது இரண்டு மூன்று சதவீதம்தான். டஃப் 2000 ஏறத்தாழ 48 சதவீதம் நீளும். ஒற்றை சிலிண்டர் எஞ்சினின் அதிர்வு நாள் முழுவதும் பாகத்தை உலுக்கும்போது, நீளாத பொருள் துளையோரத்தில் கீறிவிடும்.

மெல்லியதாக, திருகில் தொங்கும் பாகத்துக்கு உறுதியான ரெசினும் வெளிர் நிறப் பூச்சும் ஏற்றவை. தடித்து, சிறியதாக, முழுப்பரப்பும் ஒட்டப்படும் சின்னம் போன்றவற்றுக்கு எச்டிடி கூடிய, சற்று விறைப்பான ரெசின் போதும். சைலன்சருக்கும் எஞ்சின் துடுப்புகளுக்கும் அருகில் எந்த ரெசினும் வேண்டாம். அங்கே தகடுதான் சரி.

கறுப்பு ரெசின் வாங்கினால் பெயிண்டே வேண்டாம் என்கிறார்களே?

வார்க்கப்பட்ட கறுப்புப் பிளாஸ்டிக்குகள் வெயிலில் நீண்டகாலம் நிற்பதற்கு அவற்றில் கலக்கப்படும் கார்பன் பிளாக் ஒரு முக்கியக் காரணம். அது கதிரைத் தானே உறிஞ்சிக்கொள்ளும். ஒளி ரெசினில் அந்த அளவு சேர்க்க முடியாது. சேர்த்தால் பிரிண்டரின் ஒளியே உள்ளே போகாமல் அடுக்கு இறுகாது. எனவே கறுப்பு ரெசினின் நிறம் கண்ணுக்குத்தான். கூடவே, கறுப்பு கூடுதலாகச் சூடேறும் என்று முன்பே பார்த்தோம்.

தண்ணீரில் கழுவும் ரெசின் வெளிப்புறப் பாகத்துக்கு ஆகுமா?

ஆகாது என்பதே என் கருத்து. தண்ணீருடன் எளிதில் கலக்கும்படி தயாரிக்கப்பட்ட ரெசின், இறுகிய பின்பும் ஈரத்தை அதிகம் உறிஞ்சும் போக்குடையது. மழையில் ஊறி வெயிலில் காயும் சுழற்சியில் அது வீங்கிச் சுருங்கி விரிசல் விடும். கடலோர ஊர்களில் காற்றின் ஈரமும் சேர்ந்துகொள்ளும்.

கியூரிங் மெஷின் இல்லை. மொட்டை மாடி வெயிலில் வைத்தால் போதாதா?

வெயிலில் இறுகும், ஆனால் சீராக இறுகாது. மேல்பக்கம் மிகையாக இறுகி நொறுங்கும் தன்மை அடையும்போது அடிப்பக்கம் பிசுபிசுப்பாகவே இருக்கும். சுழல்தட்டும் 405 நானோமீட்டர் விளக்கும் கொண்ட சிறு பெட்டி நல்ல முதலீடு. ரெசின் தயாரிப்பாளர் சூடான கியூரிங்கைப் பரிந்துரைத்தால் அதைத் தவிர்க்காதீர்கள். சூட்டில் மூலக்கூறுகள் நகர்ந்து இணைய இடம் கிடைப்பதால் வினை ஆழமாக முடிகிறது, எச்டிடியும் அறிவித்த அளவை எட்டுகிறது. அதேசமயம், கூடுதல் நேரம் வைத்தால் கூடுதல் பலம் என்று நினைக்கவும் கூடாது.

கியூரிங்குக்கு முன் நடக்கும் கழுவலும் இதே அளவு முக்கியமானது. ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் ஒருமுறை, பிறகு புதிய ஆல்கஹாலில் ஒருமுறை எனச் சில நிமிடங்கள் கழுவி, முழுவதும் உலர்ந்த பிறகே ஒளியில் வைக்க வேண்டும். மணிக்கணக்கில் ஊறப்போட்டால் பாகம் ஆல்கஹாலை உறிஞ்சிக்கொண்டு, பின்னால் விரிசலும் பெயிண்டில் கொப்புளமும் தரும். உள்ளே கூடாக அச்சிட்ட பாகத்தில் இறுகாத ரெசின் சிறைப்பட்டால், மாதங்கள் கழித்துச் சுவரைப் பிளந்துகொண்டு அது வெளியே கசியும். பைக் பாகங்களைக் கூடில்லாமல் திடமாகவே அச்சிடுவது நல்லது. கூடாக்கியே தீர வேண்டுமென்றால் வடிதுளை வைத்து உட்புறத்தையும் கழுவுங்கள்.

யூவி கிளியர் ஸ்பிரே கேன் ஒன்று அடித்தால் போதும்தானே?

கிளியர் என்பது நிறமற்ற மேற்பூச்சு. ஒற்றைக் கேனில் வரும் சாதாரண அக்ரிலிக் கிளியர் கரைப்பான் ஆவியாகிக் காய்வது. ஆகவே கரைப்பான் பட்டால் மீண்டும் இளகும். டேங்க் மூடியிலிருந்து வழியும் ஒரு துளி பெட்ரோல் அதைக் கரைத்துத் தடம் பதித்துவிடும். வெளிப்புறப் பாகத்துக்கு நான் பரிந்துரைப்பது, கார் பெயிண்ட் கடைகளில் ‘பியூ கிளியர்’ அல்லது ‘டூ-கே கிளியர்’ என்று கேட்டால் கிடைக்கும், ஹார்டனர் கலந்து அடிக்கும் பாலியூரித்தேன். அது வேதிவினையால் இறுகுவது. வெளிப்புற வாகனங்களுக்கென்று வரும் தரமான வகைகளில் கதிரை உறிஞ்சும் சேர்மங்களும் சிதைவைத் தடுக்கும் நிலைப்படுத்திகளும் கலந்திருக்கும்.

ஆனால் கிளியர் மட்டும் போதாது. ரெசினுக்கும் வெயிலுக்கும் நடுவே ஒளி ஊடுருவாத நிறப்பூச்சு இருக்க வேண்டும். ரெசினைக் காப்பது அந்த நிறமிதான். கிளியர் காப்பது அந்த நிறத்தை. வரிசை இது: 320 எண் உப்புத்தாளால் தேய்த்தல், டூ-கே பிரைமர், 600 எண் தாளால் தண்ணீர் தொட்டுத் தேய்த்தல், நிறப்பூச்சு, பிறகு இரண்டு முழுக் கோட்டு கிளியர். கிளியர் காய்ந்தபின் சுமார் 50 மைக்ரான் தடிமன் வர வேண்டும். கதிரை உறிஞ்சும் திறன் தடிமனைச் சார்ந்தது என்பதால், மெல்லிய ஒற்றைக் கோட்டு, கண்ணுக்கு மின்னினாலும் வேலை செய்யாது. எப்பாக்ஸி பிரைமர் நன்றாகப் பிடிக்கும்; ஆனால் எப்பாக்ஸியை மேற்பூச்சாக விட்டுவிடக் கூடாது, வெயிலில் அது வெளுத்துத் தூளாகும்.

பின்பக்கத்தையும் பூசுங்கள். கண்ணுக்குத் தெரியாத பக்கம் என்று பலர் விட்டுவிடுகிறார்கள். மழைநீர் அந்த வழியாகத்தான் உள்ளே போகிறது.

டூ-கே கிளியரை வீட்டில் அடிக்கலாமா?

அதன் ஹார்டனரில் ஐசோசயனேட் உள்ளது. மூச்சில் போனால் ஆஸ்துமாவை உண்டாக்கக்கூடியது. ஒருமுறை ஒவ்வாமை வந்துவிட்டால் பிறகு மிகச் சிறு அளவே மூச்சுத்திணறலைக் கிளப்பும். துணி முகக்கவசம் இதற்குப் பயன்படாது. கரிம ஆவிகளையும் ஸ்பிரேயின் நுண்துளிகளையும் பிடிக்கும் வடிகட்டிகள் பொருத்திய முகமூடி, கண்ணாடி, கையுறை, திறந்தவெளி ஆகிய நான்கும் இல்லையென்றால், பிரைமர் வரை நீங்கள் முடித்துக்கொண்டு மேற்பூச்சைப் பெயிண்டிங் பட்டறையில் கொடுங்கள். வேறொரு வண்டிக்கு அடிக்கும்போது கூடவே அடித்துத் தரச் சொன்னால் செலவும் குறைவு.

நல்ல பெயிண்ட்தான் அடித்தேன், ஆனாலும் தோல்போல உரிகிறதே?

பெரும்பாலும் பெயிண்ட் குற்றவாளி அல்ல. காற்றில் உள்ள ஆக்சிஜன், ரெசினின் மேற்பரப்பு முழுதாக இறுகுவதைத் தடுக்கும். அந்தப் பிசுபிசுப்பின் மேல் எதை அடித்தாலும் நிற்காது. கியூரிங்குக்குப் பின் தேய்க்கும்போது உப்புத்தாளில் உலர்ந்த தூள் வர வேண்டும். தாள் அடைத்துக்கொண்டால் பாகம் இன்னும் இறுகவில்லை என்று பொருள்.

இன்னொரு காரணம் சிலிக்கான். பாலிஷ், செயின் ஸ்பிரே போன்றவற்றில் சிலிக்கான் இருந்தால், அவற்றைத் தொட்ட கையால் பாகத்தைத் தொடுவதே போதும், பெயிண்ட் விலகி மீன்கண்போல் வட்டக் குழிகள் விழும். கூரான விளிம்புகளும் சிக்கல்தான். ஈரப் பெயிண்ட் விளிம்பிலிருந்து பின்வாங்குவதால் அங்கே படலம் மெலிந்து, உரிதல் அங்கிருந்தே தொடங்கும். வரையும்போதே விளிம்புகளை வட்டமாக்கிவிட்டால் பூச்சுக்கும் நல்லது, பலத்துக்கும் நல்லது.

திருகு மாட்டும் இடத்தில் மட்டும் விரிசல் வருகிறது. ரெசினை மாற்ற வேண்டுமா?

முதலில் வரைபடத்தை மாற்றுங்கள். ரெசின் சூட்டில் உலோகத்தைவிடப் பல மடங்கு விரியும். 100 மி.மீ. நீளமுள்ள பாகம் 30 டிகிரியிலிருந்து 70 டிகிரிக்குப் போனால் ஏறக்குறைய 0.36 மி.மீ. நீளும், அதைத் தாங்கும் இரும்புச் சட்டம் 0.05 மி.மீ. மட்டுமே நீளும். இரண்டு முனையிலும் இறுக்கித் திருகினால் மீதி நீளம் போக இடமில்லாமல் துளை கிழிகிறது. ஒரு துளையை வட்டமாகவும் மற்றதை நீள்துளையாகவும் வைத்து, ரப்பர் குரோமெட்டும் (துளையில் பொருத்தும் ரப்பர் வளையம்) அகன்ற வாஷரும் போட்டால் இந்தச் சிக்கலின் பெரும்பகுதி நீங்கும்.

தானே மரை வெட்டிக்கொண்டு ஏறும் திருகு வேண்டாம். சால்டரிங் அயர்னால் சூடாக்கிச் செருகும் பித்தளை இன்சர்ட்டும் (உள்ளே மரையுள்ள சிறு குழல்) இங்கே பயன்படாது. இறுகிய ரெசின் உருகாது என்பதால் அது பிளந்துவிடும் அல்லது பிடிக்காது. துளையைச் சற்றுப் பெரிதாக விட்டு, பித்தளை இன்சர்ட்டை எப்பாக்ஸியால் ஒட்டுங்கள். அல்லது பின்பக்கத்தில் நட்டுக்கு அறுகோணக் குழி வையுங்கள். ரெசின் இறுக்கத்தில் மெல்ல இளைத்துக்கொடுப்பதால் சில வாரம் கழித்துத் திருகு தளரும். அப்போது இன்னும் முறுக்காமல், நைலாக் நட்டு (உள்ளே நைலான் வளையம் இருப்பதால் எளிதில் தளராதது) போடுவதே வழி.

இண்டிகேட்டர் கண்ணாடியை டிரான்ஸ்பரன்ட் ரெசினில் செய்யலாமா?

வேண்டாம். தெளிந்த ரெசினில் நிறப்பூச்சு போட முடியாது. எனவே மேலே சொன்ன முக்கியக் காவல் அங்கே இல்லை. கிளியரில் உள்ள உறிஞ்சிகள் மஞ்சளாவதைத் தாமதப்படுத்தும், நிறுத்தாது. மேலும் இண்டிகேட்டரும் பிரேக் லைட்டும் பிறருக்குச் செய்தி சொல்லும் பாதுகாப்புப் பாகங்கள்; ஒளியின் நிறமும் பரவலும் தரத்துக்கு உட்பட்டிருக்க வேண்டும். பழைய வண்டிக்குப் பொருத்தமான லென்ஸ் கிடைக்காவிட்டால், அங்கீகரிக்கப்பட்ட முழு இண்டிகேட்டரை வாங்கி, அதைப் பொருத்துவதற்கான தாங்கியின் அலங்கார மூடியை மட்டும் ரெசினில் செய்யுங்கள்.

வாட்டர் சர்வீஸில் டீசல் அடிக்கிறார்கள். பெட்ரோலும் சிந்துகிறது. தாங்குமா?

நன்றாக இறுகிய டூ-கே படலம் டீசலையும் எப்போதாவது சிந்தும் பெட்ரோலையும் தாங்கும். உடனே துடைத்துவிட வேண்டும். அழுத்த நீர்க்குழாயை விளிம்புக்கு மிக அருகில் பிடிக்க விடாதீர்கள். அடித்த பெயிண்ட் முழுதாக இறுக ஒரு வாரமாவது விட்டு, அதன் பிறகே சர்வீஸுக்குக் கொடுங்கள். எரிபொருளில் நிரந்தரமாக நனையும் பாகங்களான டேங்க் மூடி, கார்புரேட்டர் உறுப்பு, குழாய் இணைப்பு ஆகியவற்றை ரெசினில் செய்யவே கூடாது. 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் இப்போது வழக்கத்தில் உள்ள நிலையில், வீங்கி நெகிழும் ஆபத்து மேலும் கூடுகிறது. அங்கே கசிவு என்றால் தீ.

ரப்பர்போல வளையும் ரெசினில் கேபிள் உறை, குரோமெட் செய்யலாமா?

செய்து பார்க்கலாம், நெடுநாள் எதிர்பார்க்க வேண்டாம். வளையும் ரெசின் வெயிலில் விறைத்து, மடிப்பில் கிழியும். விறைப்பான கிளியரை அதன்மேல் அடித்தால் முதல் வளைவிலேயே படலம் நொறுங்கும். நெகிழ்வூட்டி கலந்த கிளியர்தான் ஓரளவு உடன்வளையும். உண்மையான ரப்பர் குரோமெட் எல்லா ஊரிலும் மலிவாகக் கிடைக்கும்போது இந்த உழைப்பு தேவையில்லை.

குரோம் போல மின்ன வைக்க முடியுமா?

முடியும். கறுப்புப் பளபளப்பான அடிப்பூச்சின் மேல் குரோம் பெயிண்ட் அடித்து, அதற்கு ஒவ்வும் கிளியரால் மூடலாம். தவறான கிளியர் அடித்தால் மினுமினுப்பு சாம்பல் நிறமாக மங்கிவிடும் என்பதால் வீணான துண்டொன்றில் முதலில் சோதியுங்கள். மின்கடத்தும் பூச்சு அடித்துச் செம்பு, நிக்கல் முலாம் ஏற்றுவது இன்னும் உறுதியானது. ரெசினைக் கதிரிலிருந்தும் முழுதாக மறைக்கும்.

எப்போது ரெசினையே விட்டுவிட்டு வேறு வழி தேடுவது?

உள்ளங்கையைவிடப் பெரிய பாகம், தொடர்ந்து சுமை தாங்கும் பாகம், ஒன்றுக்கு மேற்பட்ட வண்டிகளுக்குத் தேவைப்படும் பாகம் என்றால் நான் வேறு வழியைத்தான் சொல்வேன். பிளாஸ்டிக் இழையை உருக்கி அச்சிடும் இழை பிரிண்டர் இருந்தால், வெளிப்புறத்துக்கென்றே உருவான ஏஎஸ்ஏ என்ற பிளாஸ்டிக் நல்ல தேர்வு. ஏபிஎஸ்ஸின் பியூட்டாடையீன் ரப்பருக்குப் பதிலாக அதில் அக்ரிலேட் ரப்பர் இருப்பதால் வெயிலில் நிறம் நிற்கும். சென்னை, கோவை, பெங்களூரு ஆகிய ஊர்களில் உள்ள பிரிண்டிங் சேவை நிலையங்களில் பொடியிலிருந்து உருவாக்கும் நைலான் 12 கிடைக்கும். அதிர்வைத் தாங்குவதில் ரெசின் அதற்கு ஈடில்லை. அதன் சொரசொரப்பை பிரைமரால் நிரப்பி, முன்பு சொன்ன அதே வரிசையில் பெயிண்ட் அடிக்கலாம்.

ரெசின் பிரிண்ட்டை இறுதிப் பாகமாகக் கருதாமல் மாதிரியாகக் கருதினால் அதன் நுணுக்கம் முழுதாகப் பயன்படும். அதை வழுவழுப்பாக்கி ஃபைபர் பட்டறையில் கொடுத்தால் அச்சு எடுத்து, கண்ணாடியிழையில் மட்கார்டோ மூடியோ எத்தனை வேண்டுமானாலும் செய்து தருவார்கள். அலுமினியம் வேண்டுமென்றால் கோவையின் வார்ப்படப் பட்டறைகளுக்கு அதையே பேட்டர்னாகக் கொடுக்கலாம். உலோகம் ஆறும்போது சுருங்குவதால் மாதிரியைச் சுமார் 1.3 சதவீதம் பெரிதாக அச்சிட வேண்டும். சிலிக்கான் அச்சு எடுப்பவர்கள் மட்டும் ஒன்றைக் கவனியுங்கள்: பிளாட்டினம் வகை சிலிக்கான், சரியாக இறுகாத ரெசினைத் தொட்டால் அந்த இடத்தில் கெட்டியாகாமல் ஒழுகும். கியூரிங்கை முழுமையாக முடித்து, டூ-கே பிரைமரால் மூடிய மாதிரியில் ஒரு மூலையில் சிறிது ஊற்றிச் சோதித்துவிட்டே முழு அச்சையும் ஊற்றுங்கள்.